இருபது நடைக்கு ஒரு எண்ணெய்

ஜனவரி 12

இந்த டைரி என் மகள் சுகந்தி கொடுத்தது. புதுவருஷத்துக்கு நகைக்கடையில் அவளுக்குச் சும்மா கிடைத்தது. "கடல்ல சும்மா இருக்குற நேரத்துல எழுதுங்கப்பா" என்று என் தலையில் கட்டிவிட்டாள். கடலில் சும்மா இருக்கிற நேரம் என்று ஒன்று உண்டென்று இந்தப் பெண்ணுக்கு யார் சொன்னார்களோ.

தெரிந்ததை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது எஞ்சின். நாகப்பட்டினம் துறைமுகத்தில் இருபது வருஷத்துக்கு மேலாக விசைப்படகு ஓட்டுகிறேன். ஆறு பேர் போகிற படகில் நான்தான் டிரைவர். சுக்கானும் என் பொறுப்பு, எஞ்சினும் என் பொறுப்பு.

இன்று டீக்கடையில் எண்ணெய்ப் பேச்சு. கெட்டி எண்ணெய் ஊற்றினால்தான் படகு எஞ்சின் நிற்கும் என்றான் ஒருவன். மலிவானதை வாங்கி அடிக்கடி மாற்றுவதே புத்தி என்றான் இன்னொருவன். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் என்னிடம்தான் வந்தார்கள். ஒரு சொட்டு எண்ணெயைக் கட்டைவிரலில் தேய்த்து மோந்து பார்த்து, இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சொல்கிற ஆள் இந்தத் துறைமுகத்தில் நான் ஒருவன்தான். ஆவணியில் நான் சிந்தெட்டிக் எண்ணெய்க்கு மாறினேன். தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று முதலாளி பயந்தார். "பழசப் போல ரெண்டு மடங்கு தாங்கும்ணே, என் பொறுப்பு" என்றேன். பத்து நடைக்கு ஒருமுறை மாற்றியதை இருபது நடை ஆக்கினேன்.

நடை என்றால் கரையை விட்டுப் போய்க் கரைக்குத் திரும்புவது. பத்து நடைக்கு ஒரு எண்ணெய் என்பது, விடியலில் போய் அந்தியில் திரும்பிய காலத்திலிருந்து எங்கள் படகில் இருக்கும் கணக்கு. இப்போது பன்னிரண்டு நடை முடிந்திருக்கிறது. இருபதுக்கு இன்னும் எட்டு இருக்கிறது. அதுவரை நிம்மதி.

ஜனவரி 16

பொங்கல் முடிந்தது. நாளை மறுநாள் கடலுக்கு. ஆவணிக்குப் பிறகு மீன் தள்ளிப் போய்விட்டதால் போனால் ஐந்து நாள் தங்கல்தான். இருபத்திரண்டாம் தேதி திரும்ப வேண்டும். இருபத்து நான்காம் தேதி சுகந்திக்கு வளைகாப்பு. எங்கள் பக்கம் ஏழாம் மாதம்தான் வளை அடுக்குவது. சம்பந்தி வீட்டில் ஐந்தாம் மாதமே அடுக்க வேண்டுமாம். அவர்கள் ஆற்காட்டுத்துறைக்காரர்கள், எதிலும் அவசரம்.

மலர்க்கொடி காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள். "இந்த வளைகாப்புக்காவது நகத்தக் கழுவிட்டு வாங்க. கல்யாணப் போட்டோவுல தாரை வாக்குற கையப் பாத்தாலே எனக்குக் கூசுது." முகூர்த்தத்துக்கு முந்தின நாள் எஞ்சின் எண்ணெய் மாற்றினால் நகம் கறுக்காமல் வேறென்ன செய்யும். எனக்கு அந்தப் போட்டோ பிடிக்கும்.

மாப்பிள்ளை மதியரசனும் என் படகில்தான் வருகிறார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் அண்ணன் படகை விட்டுவிட்டு இங்கே வந்தார். வேலைக்காரர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டு தொழில் பார்ப்பது பெரும் சங்கடம். மற்றவனை "அந்தக் கயித்தப் புடிடா" என்று ஒரு சத்தம் போட்டால் போதும். இவரிடம் "மாப்ள, அந்தக் கயித்தக் கொஞ்சம் புடிக்கிறீங்களா" என்று முடிப்பதற்குள் வலை சுற்றிக்கொள்கிறது. அவரும் என் முன்னால் உட்கார மாட்டார், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். நான் கிழக்கை மேற்கு என்றாலும் "சரிங்க மாமா" தான்.

ஜனவரி 17

ஐஸ் ஏற்றியாயிற்று. டீசல் ஏற்றியாயிற்று.

சாயங்காலம் படகில் ஒன்று பார்த்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். மாப்பிள்ளை சாக்கில் சுற்றிய ஒரு பெரிய கேனைத் தோளில் தூக்கி வந்து, பின்பக்கம் பழைய வலைக்கு அடியில் தள்ளினார். என்னைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. "என்னா மாப்ள அது?" என்றேன். "ஒண்ணுமில்லைங்க மாமா, தண்ணி" என்றார். தண்ணீர்த் தொட்டி முன்பக்கம் நிரம்பி வழிகிறது. இவருக்கு எதற்குத் தனித் தண்ணீர்?

சமையல் பார்க்கும் பக்கிரிசாமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தான். என்னைவிட மூத்தவன், வாய் சும்மா இருக்காது. "மருமவன் அஞ்சு நாளைக்கு வேண்டியத கொண்டாந்துட்டாரு போல டிரைவரே" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கடலில் குடிக்கிறவனுக்கா பெண்ணைக் கொடுத்தேன்?

ஜனவரி 18

விடியலில் கிளம்பினோம். வாடைக்காற்று. எஞ்சின் நன்றாகப் பிடித்தது. கேனைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

ஜனவரி 19

கோடியக்கரைக்குக் கிழக்கே வலை இழுக்கிறோம். எண்ணெய் அழுத்தம் காட்டுகிற முள் பச்சைக் கோட்டில் நிற்க வேண்டும். இன்று கோட்டின் விளிம்பில் நின்றது. அளவுகோலை உருவி ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். கொஞ்சம் கரகரப்பு. ஐஸ் அள்ளிய விரலுக்கு எதுவும் கரகரப்பாகத்தான் தெரியும். தீய்ந்த வாடை அடித்தது. பக்கிரிசாமி அடுப்பில் எதையாவது தீய்த்திருப்பான்.

மாப்பிள்ளை எஞ்சின் அறை வாசலில் வந்து நின்றார். "மாமா, எண்ணெ எப்ப மாத்தறதா இருக்கீங்க?"

"இருபது நடை முடியட்டும் மாப்ள."

"சரிங்க மாமா."

சொல்லிவிட்டுப் போகவில்லை. கதவு நிலையைச் சுரண்டிக்கொண்டே நின்றார். பெண்டாட்டி ஞாபகம் போல, சீக்கிரம் திரும்பலாமா என்று கேட்க வழி தேடுகிறார் என்று நினைத்தேன். "வளைகாப்புக்கு முன்னால கரைக்குப் போயிடலாம், கவலைப்படாதீங்க" என்றேன். அதற்கும் "சரிங்க மாமா" தான்.

ஜனவரி 20

கணவாய் மீன் நல்ல பாடு, வலை நிறைய விழுந்தது. முள் இன்னும் இறங்கியிருக்கிறது. மீட்டர் பழசு.

ஜனவரி 21, காலை

விடியும்போதே சத்தம் மாறிவிட்டது. எஞ்சினின் மேல்பக்கத்தில் டக், டக், டக் என்று ஒரு தட்டல். வேகத்தைக் குறைத்தேன். முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு ஏறுகிறது.

கையில் இருந்தது மேல் ஊற்ற வைத்திருந்த ஒரு சின்ன டப்பா எண்ணெய். ஊற்றினேன். தட்டல் கொஞ்சம் அடங்கி மறுபடி வந்தது.

"வயர்லெஸ்ல சொல்லிடலாமா டிரைவரே? பக்கத்துல யாராச்சும் இருப்பாங்க" என்றான் பக்கிரிசாமி. வேண்டாம் என்றேன். வயர்லெஸ்ஸில் ஒரு வார்த்தை சொன்னால் துறைமுகத்துப் படகு அத்தனையும் கேட்கும். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. போன வாரம் டீக்கடையில் எண்ணெய்க்குத் தீர்ப்புச் சொன்னவன் இன்று நடுக்கடலில் எண்ணெய்க்குக் கை நீட்டினான் என்று காலத்துக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மெதுவாகக் கரைப்பக்கம் திருப்பியிருக்கிறேன். பயப்பட ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் எழுதி வைக்கிறேன். வாடைக்காற்றும் நீரோட்டமும் தெற்கே இழுக்கின்றன. எஞ்சின் நின்றுபோனால் படகு எல்லைக்கோட்டுப் பக்கம்தான் போகும். கோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கத்து நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆள் திரும்பி வர மாதங்கள் ஆகும், படகு திரும்பி வராது. தெரியாமல் வந்துவிட்டோம், எஞ்சின் கெட்டுவிட்டது என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள்.

ஜனவரி 21, மாலை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உச்சிவேளைக்குத் தட்டல் பலத்துவிட்டது. எஞ்சின் அறையில் கால் வைக்க முடியாத சூடு. நான் சுக்கானைப் பிடித்திருந்தேன். எப்படியாவது ஓட்டிக் கரை சேர்த்துவிடலாம் என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று எஞ்சின் நின்றது. தானாக நிற்கவில்லை. கீழே இருந்து மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு ஏறி வந்தார்.

"நாந்தான் மாமா நிறுத்துனேன்."

என்னைக் கேட்காமல் என் எஞ்சினை இதுவரை யாரும் நிறுத்தியதில்லை. எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. மாப்பிள்ளை என்கிற மரியாதையெல்லாம் காற்றில் போய்விட்டது. "யாரக் கேட்டு நிறுத்துன? எல்லக்கோடு அந்தா இருக்கு, எல்லாரையும் ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறியா?" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. "வலைக்கு அடியில கேன்ல என்னா வச்சிருக்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? வந்த அன்னிக்கே தெரியும்."

அப்போதுதான் அவர் தலையைத் தூக்கினார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"தெரியுமா மாமா?" என்றார். "தெரிஞ்சுமா மாத்தாம இருந்தீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பின்பக்கம் போய் வலையைப் புரட்டி, கேனை இழுத்து வந்து என் முன்னால் வைத்துச் சாக்கை உருவினார். எண்ணெய். இருபது லிட்டர் எஞ்சின் எண்ணெய். நான் ஆவணியில் தேர்ந்தெடுத்த அதே சிந்தெட்டிக். அவருடைய மாற்றுக் கைலிக்குள் புது ஃபில்டர் ஒன்றும் சுற்றி வைத்திருந்தார்.

பக்கிரிசாமி பீடியைக் கடலில் எறிந்தான்.

"பன்னெண்டு நடைதான மாப்ள ஆச்சு" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "ரெண்டு மடங்கு தாங்குற எண்ணெ. இருபதுக்கு இன்னும் இருக்கே."

"கடைசியா மாத்துனது எங்க கல்யாணத்துக்கு மொத நாள் மாமா" என்றார். "இன்னும் மூணு நாள்ல வளைகாப்பு."

மெதுவாகத்தான் சொன்னார். என் தலையில் யாரோ மரச்சுத்தியால் அடித்த மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு ஊற்றிய எண்ணெயில் வளைகாப்பு வரை எஞ்சினை ஓட்டியிருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு நடை என்றால் ஒரு பகல். இப்போது ஒரு நடை என்றால் ஐந்து நாளும் ஐந்து இரவும் எஞ்சின் அணையாமல் ஓடுகிறது. எண்ணெய் புதிதாக மாறியது, தொழில் மாறியது, கணக்கை மட்டும் நான் மாற்றவில்லை. விரலில் தேய்த்தே சொல்லிவிடுவேன் என்கிற கர்வம், முள் சொன்னதைக்கூடக் கேட்கவிடவில்லை.

"போன நடை வந்தப்ப கடையில கேட்டேன் மாமா. எத்தன மணி நேரம் ஓடும்னு கடைக்காரரு சொன்னாரு. நம்ம ஓட்டத்துக்கு மூணாவது நடையே தாண்டிடுச்சு."

"அப்பவே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே மாப்ள?"

பக்கிரிசாமிதான் சொன்னான். "எப்பிடி சொல்லுவாரு? நாங்க இத்தன வருசமா கூட இருக்கோம், எங்களாலயே உங்கள்ட்ட வாயத் தொறக்க முடியல. அவரு நேத்து வந்த மருமவன்."

அதற்கு மேல் பேச நேரமில்லை. படகு தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. ஜி.பி.எஸ்ஸைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்தே எண்கள் மாறுகின்றன. இழுவை வலையை முழுக்கக் கடலில் இறக்கச் சொன்னேன். வலை தண்ணீரைப் பிடித்துக்கொண்டால் படகின் ஓட்டம் குறையும். குறைந்தது, நிற்கவில்லை.

பிறகு நானே வயர்லெஸ்ஸை எடுத்தேன். எங்கே இருக்கிறோம் என்று சொன்னேன். எஞ்சினுக்கு என்ன என்று ஒரு குரல் கேட்டது. தெரிந்த குரல், டீக்கடையில் கெட்டி எண்ணெய்க்கு வாதாடியவன். "எண்ணெ மாத்தாம விட்டுட்டேன். தப்பு எம்மேலதான். எஞ்சின் எடுக்கலன்னா எங்களக் கட்டி இழுக்கணும்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "நாங்க வரக் காலையில ஆயிடும் டிரைவரே. அதுவரைக்கும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கப் பாருங்க" என்றான். காலைவரை எங்கள் படகு இந்தப் பக்கம் நிற்காது. அது அவனுக்கும் தெரியும்.

படகில் எஞ்சினுக்கு அடியில் கை போகாது. கைப்பம்பு வைத்து மேலிருந்து உறிஞ்சித்தான் பழைய எண்ணெயை எடுக்க வேண்டும். மாப்பிள்ளையும் நானும் அந்தச் சூட்டில் குனிந்து மாறி மாறிப் பம்பு அடித்தோம். வந்தது எண்ணெய் இல்லை, கரித்தார். பாதியில் பம்பு அடைத்துக்கொண்டது. கழற்றிக் குத்திவிட்டு மறுபடி அடித்தோம். பழைய ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே களிமண் மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. புது ஃபில்டரின் ரப்பரில் எண்ணெய் தடவி மாட்டினார் மாப்பிள்ளை.

புது எண்ணெயை ஊற்றினோம். எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும் என்றார். மேலே இருந்து ஒருவன் கோட்டுக்கு எவ்வளவு தூரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஒருகட்டத்தில் பக்கிரிசாமி அவனை வாயை மூடச் சொன்னான். எனக்குச் சுகந்தி ஞாபகம் வந்தது. கை நிறைய வளையல் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, ஒரே படகில் அப்பனும் புருஷனும் இல்லாமல் போனார்கள் என்று யாராவது வந்து சொல்வது போல் தோன்றியது. பயந்துபோனேன். இருபது வருஷத்தில் கடலில் நான் இப்படிப் பயந்ததில்லை.

"எடுக்கலாம் மாமா" என்றார்.

முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாவது தடவை இருமிவிட்டு நின்றது. மூன்றாவது தடவை பிடித்தது. இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது சிவப்பிலேயே கிடந்தது. பிறகு மெல்ல எழுந்து பச்சையைத் தொட்டது. தட்டல் இன்னும் இருக்கிறது, ஆனால் தூரத்தில் கதவைத் தட்டுகிற அளவுக்குத்தான். மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் முன்னால் அவர் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வலையை ஏற்றி வடமேற்கே திருப்பினோம். வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டேன்.

ஜனவரி 22

நடக்கிற வேகத்தில் வருகிறோம். ஐஸ் கரைகிறது, கணவாய் பாதி வீணாகும். ஆகட்டும்.

ஜனவரி 24

நேற்றுப் பகலில்தான் கரை சேர்ந்தோம். துறைமுகத்தில் விஷயம் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. முதலாளி எஞ்சினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார், என்னை ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைப் பக்கம் நான் போகவில்லை.

இன்று வளைகாப்பு. பெண்கள் கூட்டம் வீடு கொள்ளவில்லை. நானும் மாப்பிள்ளையும் சோப்பு, மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம் என்று எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டோம். நகக்கண்ணில் கறுப்பு போகவே இல்லை. அவரைச் சுகந்தி பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வளையல் போடச் சொன்னார்கள். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என் கையைத் தேடிப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு ஒரு கைதான் கறுப்பு. இதுக்கு ரெண்டு பேரு கையுமாப்பா?" என்று சிரித்தாள். மலர்க்கொடி தலையில் அடித்துக்கொண்டாள். கடலில் நடந்தது இவர்களுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாம்பிராணிப் புகை என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 3

எஞ்சின் திரும்பி வந்துவிட்டது. இரண்டு பேரிங் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் மொத்தமும் இறுகிப் போயிருக்கும் என்றார் மெக்கானிக். நாளை விடியலில் கிளம்புகிறோம்.

மணிக்கணக்கு காட்டுகிற மீட்டர் வருஷக்கணக்காகச் செத்துக் கிடந்தது. புதிதாக மாட்டச் சொல்லியிருக்கிறேன். எண்ணெய்ப் பொறுப்பு இனி மாப்பிள்ளைக்கு என்று முதலாளியிடமும் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் படகில் இருந்தபோது மாப்பிள்ளை வந்து எஞ்சின் அறை வாசலில் நின்றார். கதவு நிலையைச் சுரண்டினார்.

"என்னா மாப்ள?"

"பேரிங் புதுசு. இந்த ஒரு நடை போயிட்டு வந்ததும் எண்ணெய மாத்திடலாமா மாமா?"

ஒரே நடையிலா? புது எண்ணெய், முழுசாக ஊற்றியது. பத்து நடை, குறைந்தது ஐந்து நடையாவது என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"என்னக் கேக்காதீங்க மாப்ள. சொல்லுங்க."

அவருக்கு முகமெல்லாம் வியர்த்துவிட்டது. சுக்கானைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பக்கிரிசாமியைப் பார்த்தார். பக்கிரிசாமி பானையைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

"ஒரு நடைல மாத்தணும் மாமா" என்றார்.

"சரிங்க மாப்ள" என்றேன்.